கணினிக்கு எதை வாங்குவது? எதை வாங்காமல் இருப்பது?



சங்க அலுவலகத்தில் நமக்கு மூன்று மேஜைக் கணினிகள் இருக்கின்றன. சந்தாப் புத்தகம் அவற்றில்தான் இருக்கிறது. பஞ்சாலைத் தோழர்களின் பி.எஃப். மனு, ஈ.எஸ்.ஐ. மனு, வயல்வேலை செய்யும் தோழர்களின் பட்டா நகல், பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போகின்றன. இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாக மூன்று வாங்க வேண்டும் என்று ஒரு யோசனை கமிட்டியின் முன் வந்திருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றே ஒன்று: இவற்றில் ஓடுகிற விண்டோஸ் 10க்குக் கம்பெனியின் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தப் பழைய யந்திரங்களில் ஏறாது.

இது கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் என்று யாரும் ஒதுங்கக் கூடாது. பணம் உங்களுடையது. மாதாமாதம் கூலியிலிருந்து எடுத்து வைத்த பணம். ஆகவே எதற்காகச் செலவு, எதற்காக வேண்டாம் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டு கை தூக்க வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் இன்று பேச வந்திருக்கிறோம்.

முதலில், ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது என்ன? ஆலையில் யந்திரம் இருக்கிறது, ஆள் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. எந்த ஆள் எந்த யந்திரத்துக்கு, எந்த வேலை முதலில், எது பிறகு என்று பிரித்துவிட ஒரு மேஸ்திரி வேண்டும் அல்லவா? கணினிக்குள் அந்த மேஸ்திரி வேலையைச் செய்வதுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். விண்டோஸ் ஒரு மேஸ்திரி. லினக்ஸ் வேறொரு மேஸ்திரி. மேஸ்திரி மாறினால் யந்திரமும் மாறியாக வேண்டும் என்பது இயற்கையின் சட்டமல்ல. அதை முடிவு செய்கிறவன் மேஸ்திரியை அனுப்புகிறவன்.

ஆதரவு முடிந்தது என்றால் யந்திரம் அன்றே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஓடும். ஆனால் வேலியில் புதிதாக ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வராது. நம் கணினிகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. ஓட்டை விழுந்த வேலிக்குள் அவற்றை வைத்திருக்க முடியாது. ஆகவே ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. செய்வது என்ன என்பதுதான் கேள்வி.

ஓட்டையை மேலும் கொஞ்ச காலம் அடைத்துத் தருகிறோம், காசு கொடுங்கள் என்று மைக்ரோசாப்ட் கம்பெனி ஒரு திட்டம் வைத்தது. தனி ஆளாக இருந்தால் 2026 அக்டோபர் 13 வரை 30 டாலர். தன் யந்திர அமைப்புகளைக் கம்பெனியின் கணக்கோடு இணைத்துவிட்டால் காசு இல்லை. ஸ்தாபனமாக இருந்தால் ஒரு யந்திரத்துக்கு முதல் வருஷம் 61 டாலர், இரண்டாம் வருஷம் அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்றாம் வருஷம் அதற்கும் இரண்டு மடங்கு. மூன்று வருஷத்தையும் கூட்டிப் பாருங்கள்: ஒரு யந்திரத்துக்கு 427 டாலர்! யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு எழுதிக் கேட்டது. 2025 செப்டம்பரில் அந்தப் பகுதியின் தனிநபர்களுக்கு நிபந்தனை தளர்ந்து, காசில்லாமல் கிடைத்தது. கேட்ட இடத்தில் கிடைத்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், மேலே போவோம்.

ஒட்டுச்சீட்டின் கதை

வரப்போகிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை நம்பி முன்கூட்டியே யந்திரம் வாங்கினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம், ஏனென்றால் இது திரும்பத் திரும்ப நடக்கிற கதை.

விண்டோஸ் விஸ்டா என்ற பதிப்பு 2007 ஜனவரி 30ஆம் தேதி பொதுமக்களின் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்திய வருஷமே, 2006இல், கடைகளில் இருந்த கணினிகளின் மேல் 'விஸ்டாவுக்குத் தகுதியானது' என்று ஒரு ஒட்டுச்சீட்டு ஒட்டினார்கள். ஜனங்கள் அதை நம்பி வாங்கினார்கள். விஸ்டா வந்தது. ஏற்றிப் பார்த்தார்கள். ஏறியது. ஆனால் விளம்பரத்தில் காட்டிய கண்ணாடி போன்ற திரை, புது வசதிகள் எதுவும் பலவற்றில் வரவில்லை. அடிப்படைப் பதிப்புதான் அவற்றில் ஓடும் என்பது அப்போதுதான் வாங்கியவனுக்குத் தெரிந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கோர்ட்டில் 2007இல் வழக்குப் போட்டார்கள். வழக்கில் கம்பெனியின் உள்கடிதங்கள் 2008இல் வெளிவந்தன. இன்டெல் கம்பெனியின் 915 என்ற பழைய சிப் விஸ்டாவின் படக்காட்சிக்குப் போதாது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்டெல் தன் காலாண்டு வருமானத்தை எட்டுவதற்கு உதவியாகத்தான் தகுதி அளவைத் தாழ்த்தினோம் என்று மைக்ரோசாப்டின் ஒரு மேலாளரே எழுதியிருந்தார். அந்தக் கம்பெனியின் உயர் அதிகாரிகளில் ஒருவரான மைக் நாஷ் அந்தச் சீட்டை நம்பித் தாமே ஒரு மடிக்கணினி வாங்கி, 2,100 டாலர் கொடுத்து மின்னஞ்சல் பார்க்க மட்டும் ஒரு யந்திரம் வாங்கியதாக நொந்துகொண்டார். வீட்டுக்காரனே ஏமாந்த சந்தையில் வழிப்போக்கன் என்ன செய்வான்? ஜனங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே வழக்காக நடத்தும் அனுமதியைக் கோர்ட் 2009இல் திரும்பப் பெற்றுவிட்டது. கடிதங்கள்தான் மிஞ்சின.

ஒட்டுச்சீட்டு இன்றும் இருக்கிறது. 2024 மே மாதத்தில் 'கோபைலட் பிளஸ்' என்று ஒரு புதுச் சீட்டு வந்தது. செயற்கை அறிவு வேலைக்கென்று தனிச் சிப், 16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு என்று அதற்கு நிபந்தனைகள். மனு டைப் அடிக்க இவை எதுவும் வேண்டியதில்லை. விண்டோஸ் 11 ஓடுவதற்கும் வேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் அந்தச் சீட்டைக் காட்டித்தான் பேசுவார்.

இன்னொன்று. 2015 மே மாதம் ஒரு மாநாட்டில் அந்தக் கம்பெனியின் பேச்சாளர் ஒருவர், விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்றார். ஆறு வருஷம் கழித்து, 2021 அக்டோபர் 5ஆம் தேதி, விண்டோஸ் 11 வந்துவிட்டது.

எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாமாம்!

இந்த விண்டோஸ் 11 கேட்பது என்ன? 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. சேமிப்பு. இது பெரிதல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், யு.இ.எஃப்.ஐ. என்ற புது முறையில் யந்திரம் எழும்ப வேண்டும். பிராசசர் கம்பெனியின் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலைப் பார்த்தால், இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும்தான். ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. எட்டாம் தலைமுறை மேஜைக் கணினிக்கு வந்தது 2017 அக்டோபரில். அதே வருஷம் ஜனவரியில் ஏழாம் தலைமுறை யந்திரம் வாங்கியவன், நாலே வருஷத்தில் 'உன் யந்திரம் பழசு' என்ற பேச்சைக் கேட்டான். கதிர் அறுக்கிற அரிவாள் இன்னும் கூராகத்தான் இருக்கிறது. புது மேஸ்திரிக்குப் பிடிபோட்ட பட்டறை பிடிக்கவில்லை!

2023 டிசம்பரில் கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10 முடிவதால் உலகத்தில் 24 கோடிக் கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கணித்தது. நம் மூன்றும் அதில் சேர வேண்டுமா?

டி.பி.எம். விஷயத்தில் 2021 ஜூனில் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். ஜூன் 24ஆம் தேதி அறிவிப்பு வந்தது. உடனே ஜனங்கள் அந்தச் சிப்பைத் தனியாக வாங்க ஓடினார்கள். பதுக்கல்காரர்கள் முந்திக்கொண்டார்கள். சில இடங்களில் விலை மளமளவென்று பல மடங்கு ஏறியது. பஞ்ச காலத்து நெல் வியாபாரம்தான்! இத்தனைக்கும் அவர்களில் பலருக்கு அந்தச் சிப்பே தேவைப்படவில்லை. கடந்த சில தலைமுறை இன்டெல் யந்திரங்களில் பி.டி.டி. என்ற பெயரிலும், ஏ.எம்.டி. யந்திரங்களில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரிலும் அது உள்ளேயே இருக்கிறது. பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் அணைத்து வைத்திருந்தார்கள். போய்ச் சுவிட்சைப் போட்டால் முடிந்தது. விசாரிக்காமல் ஓடியதற்கு அபராதம் கட்டினார்கள்.

உள்ளே இருக்கிற சாமான்கள்

இனி பெட்டியைத் திறப்போம். எது எதோடு பொருந்தும் என்று தெரியாமல் சாமான் வாங்கக் கூடாது.

நெல் குதிரில் இருக்கிறது. குத்துவதற்கு வேண்டியதை எடுத்து முற்றத்தில் பரப்பிக்கொள்கிறோம். குதிர்தான் ஹார்டு டிஸ்க், முற்றம்தான் ராம், உலக்கை பிடிக்கிற கைதான் பிராசசர். நம் யந்திரங்கள் மெதுவாக இருக்கின்றன என்று எல்லோரும் பிராசசரைக் குறை சொல்கிறார்கள். உண்மையில் குற்றம் பெரும்பாலும் குதிரில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் என்பது சுழல்கிற தட்டு. ஒவ்வொரு பிடி நெல்லுக்கும் ஊசி தேடிப்போய் எடுத்து வர வேண்டும். எஸ்.எஸ்.டி. என்ற புது வகையில் சுழலும் பாகமே இல்லை. பத்து வருஷப் பழைய யந்திரத்தில் கூட ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால், காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய் வருகிற வழக்கம் நின்றுவிடும். ஒரே ஒரு சாமான் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் இதைத்தான் வாங்க வேண்டும். நாளைக்கு யந்திரமே போனாலும் இதைக் கழற்றி அடுத்த யந்திரத்தில் மாட்டலாம்.

ராம் அப்படியல்ல. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று வகைகள். ஒன்றின் வெட்டு இன்னொன்றின் குழியில் இறங்காது. டி.டி.ஆர்.3க்குக் கொடுக்கிற பணம் அந்த யந்திரத்தோடு போய்விடும். மேலும் 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்கான பெரிய பெரிய கணினிக் கூடங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், சில்லறையில் வாங்குகிறவர்களுக்கான தன் க்ரூஷியல் வியாபாரத்திலிருந்தே விலகுவதாக அறிவித்தது. மொத்தமாக வாங்குகிற பெரிய புள்ளி வந்தால், படி அரிசி வாங்குகிறவனைக் கடைக்காரன் திரும்பிப் பார்ப்பானா?

மதர்போர்டில்தான் பெரிய வலை இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் நம்மிடம், உங்கள் இரண்டாவது யந்திரம் ஏழாம் தலைமுறை, எட்டாம் தலைமுறைப் பிராசசர் ஒன்றைப் போட்டுவிட்டால் விண்டோஸ் 11 ஏறிவிடும் என்றார். குழியின் பெயரும் ஒன்றுதான், 1151. கால்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். வைத்தால் உட்காரும். ஆனால் வேலை செய்யாது! எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைச் சிப்செட் உள்ள போர்டு வேண்டும் என்று இன்டெல் வைத்துவிட்டது. போர்டை மாற்றினால் விண்டோஸ் உரிமமும் பெரும்பாலும் பழைய போர்டோடு போய்விடும். இதற்கு எதிராக ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 குழியைப் பாருங்கள்: 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5000 வரைக்கும் போட முடிந்தது. அவர்களும் தானாகக் கொடுத்துவிடவில்லை. முதலில் பழைய போர்டுகளுக்கு இல்லை என்றார்கள். வாங்கியவர்கள் சத்தம் போட்ட பிறகு, 2022இல்தான் கடைசிக் கதவு திறந்தது. எந்தப் பிராசசர் வேகம் என்பதை விட, எந்தக் குழி நெடுநாள் இருக்கும் என்று பார்த்து வாங்குவதே நம்மைப் போன்றவர்களுக்கு லாபம்.

நம்முடைய மூன்று யந்திரங்கள்

மூன்றாவது யந்திரம் 2018இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ3. பட்டியலில் இருக்கிறது! இதைத் தூக்கி எறிய வேண்டும் என்று சொன்னவர்கள் பயாஸைத் திறந்து பார்க்கவில்லை. பி.டி.டி.யைப் போட்டு, யு.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றி, புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ் 11ஐ ஏற்றலாம். அசல் விண்டோஸ் 10 இருக்கிற யந்திரத்துக்கு இந்த மாற்றத்துக்குத் தனிக் காசு இல்லை. டிஸ்க் மாறினாலும் உரிமம் போகாது, அது போர்டைச் சார்ந்தது. குறை ஒன்றுதான்: 4 ஜி.பி. ராம். கம்பெனி போதும் என்கிறது. பிரௌசரில் நாலு பக்கம் திறந்தால் போதாது என்று நாங்கள் சொல்கிறோம். 8 வேண்டும்.

இரண்டாவது யந்திரத்தில் 8 ஜி.பி. இருக்கிறது, 4-4 ஆக இரண்டு துண்டு. அதுவும் டி.டி.ஆர்.4, வேகமும் ஒன்று. ஒரு துண்டைக் கழற்றி மூன்றாவதில் போட்டால், காலணா செலவில்லாமல் விண்டோஸ் யந்திரம் தயார். ஆதார் விரல்ரேகைக் கருவியையும், முரண்டு பிடிக்கிற பிரிண்டரையும் அதில் மாட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் இருந்தே ஆக வேண்டிய வேலைகள் நமக்கு அவ்வளவுதான்.

இரண்டாவதிலும், 2014இல் வாங்கிய முதலாவதிலும் லினக்ஸ் ஏற்றலாம் என்பது எங்கள் யோசனை. அதற்கு உரிமக் கட்டணம் கிடையாது. தலைமுறை கேட்டு விரட்டுவதும் கிடையாது. சென்னையில் உள்ள சி-டாக் என்ற சர்க்கார் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸ் இருக்கிறது, உபுண்டு, டெபியன் இருக்கின்றன. லிப்ரே ஆபீஸில் தமிழில் டைப் அடிக்கலாம், கணக்கு வைக்கலாம். முதலாவதன் டி.டி.ஆர்.3க்குப் புது ராம் வாங்கிச் சேர்க்க வேண்டாம். எஸ்.எஸ்.டி. மட்டும் போதும்.

ஒரு தோழர் கேட்டார்: பட்டியலில் இல்லாத யந்திரத்திலும் ஏதோ தந்திரம் செய்து விண்டோஸ் 11 ஏற்றுகிறார்களே, நாமும் செய்தால் என்ன? செய்யலாம். ஆனால் அப்படி ஏற்றிய யந்திரத்துக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லை என்று கம்பெனி எழுதியே வைத்திருக்கிறது. 2024இல் வந்த 24எச்2 என்ற திருத்தத்தோடு, 2008க்கு முந்திய பிராசசர்கள் சில கட்டளைகள் தெரியாத காரணத்தால் எழும்பாமலே போயின. வீட்டுக் கணினியில் செய்துபாருங்கள். சந்தாப் புத்தகம் உள்ள யந்திரத்தில் வேண்டாம்.

இன்னொரு தோழர் கேட்டார்: கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்குப் பழசையே காட்டுவதா? நியாயமான கேள்வி. புது யந்திரத்துக்கு நாங்கள் விரோதிகள் அல்ல. இந்த வருஷம் மூன்று எஸ்.எஸ்.டி. வாங்குவோம். மிச்சப் பணத்தைப் புது யந்திர நிதி என்று தனியாகப் போடுவோம். அடுத்த ஆபரேட்டிங் சிஸ்டம் கேட்பது என்னவென்று அறிவிப்பு வந்து, கடையில் அது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரே ஒன்று வாங்குவோம். அதில் டி.பி.எம். 2.0 இருக்க வேண்டும், ராம் போட ஒரு குழியாவது காலியாக இருக்க வேண்டும், பேர் தெரிந்த கம்பெனியின் பவர் சப்ளை இருக்க வேண்டும். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கரண்ட் ஏறி இறங்குகிற நம் ஊரில் அது வெடித்தால் மற்ற சாமான்களையும் சேர்த்து எரித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கலாம் என்று நினைக்கிறோம். எந்தத் திருகையும் தொடுவதற்கு முன் சந்தாப் புத்தகத்தையும் மனு நகல்களையும் இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டும். ஒன்று அலுவலகப் பீரோவில், இன்னொன்று பொருளாளர் வீட்டில். கழற்றிய பழைய ஹார்டு டிஸ்குகளை விற்கவோ பேரீச்சம்பழத்துக்குப் போடவோ கூடாது. அவற்றில் உங்கள் கணக்கு எண்கள் இருக்கின்றன. விண்டோஸ் 11 சில சமயம் டிஸ்கைத் தானாகவே பூட்டிவிடும். அதற்கு 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. அதைக் காகிதத்தில் எழுதி, தீர்மானப் புத்தகத்தின் உள் அட்டையில் ஒட்டிவைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவர் இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள். நம்மிடம் இருப்பதன் முனை தேய்ந்துவிட்டது.